பச்சைப் பொடியும் கோழியின் சிறுநீரகமும்

கோழிகளின் பொருட்டு நான் ஒரு முறை ஆன்மிக அன்பராக வேடம் போட்டிருக்கிறேன். வெள்ளை ஜிப்பா, நாலு முழ வேட்டி, மனைவியின் பூஜையறையிலிருந்து சொல்லாமல் எடுத்த ருத்திராட்ச மாலை. ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தொட்டிகளில் ஸ்பைருலினா என்னும் சுருள்பாசி வளர்த்துக் காயவைத்துப் பொடியாக்கி விற்கும் ஒருவரை வேவு பார்க்கப் போனேன். தொட்டிக்குள் அவர் எதையோ கலக்கிறார், அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

முற்றத்தில் நாலைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் தொட்டியைப் பார்த்தபடி நெடுநேரம் தியானம் செய்தேன். எல்லோரும் எழுந்து போனார்கள். என்னால் எழ முடியவில்லை. பாசிக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்து குனிந்து, "கால் மரத்துப்போச்சா டாக்டர்?" என்றார். வாசலில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரின் முகப்பில் 'கால்நடை மருத்துவர்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததை நான் அடியோடு மறந்திருந்தேன்.

புதிதாக நம் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. எதையும் எளிதில் நம்பாதே என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கு முதலில் வாய்த்த மேலதிகாரி அதை ஒரு மதமாகவே கடைப்பிடித்தார். புது தெர்மாமீட்டர் வந்தால் முதலில் தன் வாயில் வைத்துத் தன் சூட்டைப் பார்த்து, சரியாகக் காட்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் மாட்டுக்குப் பயன்படுத்துவார். மாட்டுக்கு அதை எங்கே வைப்போம் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதால், அவர் வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்வது என் முக்கியமான அலுவலாக இருந்தது. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது சந்தேகம் மட்டும்தான். மற்றவற்றைக் கற்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தனியாக ஆலோசனை சொல்ல ஆரம்பித்தபோதும் அந்த ஒரு சரக்குதான் என் கடையில் இருந்தது.

இனி மல்லிகாவின் கோழிகளுக்கு வருகிறேன்.

மல்லிகாவுக்குச் செங்கம் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இரண்டு கொட்டகைகள். முன் கொட்டகை புதியது, பின் கொட்டகை பழையது. கணவர் லாரி ஓட்டிக்கொண்டு பெரும்பாலும் வடக்கேயே இருப்பார். நிலம் கணவருக்கும் அவர் தம்பி முருகேசனுக்கும் பொது. முருகேசன் வேங்கிக்கால் பக்கம் மனை விற்கும் தரகர். எந்த நிலத்தைப் பார்த்தாலும் அவருக்கு அதில் முப்பதடிச் சாலை தெரியும். அண்ணியின் கொட்டகைகளுக்குக் குறுக்கேயும் ஒன்று தெரிந்தது. கடைசியில் குடும்பத்தில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு செய்திருந்தார்கள். இந்த ஒரு தடவை கோழிகள் முட்டைக்கு வந்து தேறினால் கொட்டகைகள் இருக்கும், இல்லாவிட்டால் பிரித்துவிட்டு மனைக் கல் நடுவது.

கோழிகள் முட்டையிடும் பருவத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. கோடை தொடங்கும் நேரத்தில் இரண்டு கொட்டகைகளிலும் சளி வந்தது. மூக்கில் நீர், கண்ணைச் சுற்றி வீக்கம். நான் போய்ப் பார்த்து, சல்ஃபா வகை மருந்து எழுதினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு என்று அளவு சொல்லி, குடிக்கும் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னேன். நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள்.

சளி குறைந்தது. ஆனால் முன் கொட்டகையில் கோழிகள் சாக ஆரம்பித்தன. அறுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் வீங்கி வெளுத்து, இதயத்தின் மேல் யாரோ சுண்ணாம்பு தூவியதுபோல் வெள்ளைப் படலம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனால் கழிவு உப்பு உடம்புக்குள்ளேயே இப்படிப் படியும்.

"பின்னாடி கொட்டாயில எப்படிம்மா?"

"அங்க ஒண்ணும் ஆவலீங்க டாக்டர். நல்லாத்தான் கீது."

"அதே மருந்துதானே?"

"அதே மருந்துதாங்க. அதே மூடியால அளந்து ஊத்தறேன்."

நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். சளியை உண்டாக்கும் வைரஸ்களில் சில சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதுவாக இருக்கலாம். தீவனக் கம்பெனி ஏமாற்றியிருக்கலாம். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கலாம். மருந்தே போலியாக இருக்கலாம். முருகேசன் அந்தப் பக்கம் வந்து போனாரா என்றுகூட விசாரித்தேன். மல்லிகா என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அவரு கோழிக்குப் பயப்படுவாருங்க, கொட்டாய்க்குள்ளவே வர மாட்டாரு" என்றார். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், என் கையால் எழுதிய அளவைத் தவிர. மருந்தை மேலும் சில நாட்கள் தொடரச் சொன்னேன்.

கிளம்பும் நேரத்தில் பின் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். தீவனத் தொட்டியின் விளிம்பில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னா?"

மல்லிகா முந்தானையால் அதைத் துடைக்கப் பார்த்தார். துடைத்ததில் இன்னும் பரவியது. "பாசிப் பொடிங்க. ஆசிரமத்துப் பக்கம் ஒருத்தர் செய்யறாரு. சாம்பிளுக்குக் குடுத்தாரு. கோழிக்கு நல்லதுன்னாரு."

"என்னைக் கேக்கலியே."

"கேட்டா வேணாம்னுவீங்க."

சாவு வராத கொட்டகையில் மட்டும் ஓர் அந்நியரின் பொடி. உங்களுக்கு இதைக் கேட்டால் 'பொடி காப்பாற்றியிருக்குமோ' என்று தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு. பொடியை விற்க வேண்டுமென்றால் ஒரு கொட்டகை நன்றாக இருந்தால் போதாது, இன்னொன்று சாக வேண்டும். முன் கொட்டகைக்கு அந்த ஆள் ஏதாவது செய்திருப்பாரோ? ஜிப்பா வாங்கப் போனேன்.

மரத்த காலோடு நான் உட்கார்ந்திருந்த திண்டிலேயே பாசிக்காரரும் வந்து உட்கார்ந்தார். பெயர் சந்திரசேகர். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்தவர். ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. தொட்டிகளை அவரே காட்டினார். ஒளித்து வைக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

"சில மருந்துங்க கோழியோட கிட்னியைத் தாக்குது சார். தீவனத்துல பாசி சேர்த்துக் குடுத்தா அந்தச் சேதம் கம்மியாவுதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நான் படிச்சதைத்தான் அந்தம்மாகிட்ட சொன்னேன்."

"படிச்சதா, வித்ததா?"

"சாம்பிளுக்கு எப்படி சார் காசு வாங்கறது? வேணும்னா முன் கொட்டாய்க்கும் சும்மாவே தரேன்."

இலவசம் என்றதும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. காசு கேட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

மறுநாள் சித்திரைப் பௌர்ணமி, கிரிவலம். அன்றைக்கு நம் ஊர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே மறித்துவிடுவார்கள். சாலை முழுக்க மனிதர்கள். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. மல்லிகாவிடமிருந்து போன் வந்தபோது பிற்பகல். வெயில் கண்ணைப் பறித்தது.

"டாக்டர், முன்னாடி கொட்டாயில சாவு நிக்கவே மாட்டேங்குது. காலையிலேர்ந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கினே கீறேன். நீங்க வர முடியுமா?"

"இன்னிக்கி எப்படிம்மா வர்றது? வண்டி விட மாட்டாங்க. கோழி எப்படி இருக்குது, சொல்லு."

"தீனி தொட மாட்டேங்குது. தண்ணி மட்டும் ஓயாம குடிக்குது. டாங்க் ரொப்பறேன், காலியாவுது, மறுபடி ரொப்பறேன். மருந்து கலந்து கலந்து என் கையெல்லாம் அந்த நாத்தம்தான்."

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தேன். கோழி எத்தனை லிட்டர் குடிக்கும் என்பதை வெயில் முடிவு செய்துகொண்டிருந்தது. குடிக்கக் குடிக்க மருந்தும் உள்ளே போயிருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் தாகம் இன்னும் கூடும், தாகம் கூடினால் மருந்தும் கூடும். போலி மருந்து, தீவனக் கம்பெனி, பாசிக்காரர் எல்லோரும் ஒரே நொடியில் விடுதலையானார்கள்.

"மருந்தை நிறுத்து. இப்பவே. டாங்க்ல இருக்கறதைக் கொட்டிட்டுக் கழுவி வெறும் தண்ணி விடு. கொஞ்சம் வெல்லம் கரைச்சு விடு. கூரை மேல ஈரச் சாக்கு போடு."

"சளி திரும்ப வந்துடாதுங்களா?"

"வந்தா வரட்டும். சளியில சாவறதுக்குள்ள யோசிக்கலாம். இதுல அதுக்கு நேரமில்ல."

போனில் இன்னொரு குரல் குறுக்கிட்டது. முருகேசன். கொட்டகைக்குள் வராதவர் வாசல் வரைக்கும் வந்திருந்தார்.

"டாக்டர், செங்கத்துலேர்ந்து வியாபாரி வண்டியோட வந்து நிக்கறான். ரெண்டு கொட்டாயும் இன்னிக்கே ஏத்திட்டா கறி விலையாவது தேறும். அண்ணிக்கு நீங்கதான் சொல்லணும்."

"மருந்து உடம்புல ஏறின கோழியக் கறிக்கு அனுப்பக் கூடாதுங்க."

"துண்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரிஞ்சிதான் இவ்ளோ செத்துது" என்றார் முருகேசன். மனைத் தரகர்கள் உண்மை பேசுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள்.

மல்லிகா போனைத் திரும்ப வாங்கினார். "ஏத்த வேணாம்னா ஏத்தலீங்க. இன்னொண்ணு கேக்கறேன். வீட்டுல பாசிப் பொடி இன்னும் கொஞ்சம் கீது. அத முன்னாடியும் போடட்டுங்களா?"

இங்கேதான் நான் தடுமாறினேன். நோயைக் கண்டுபிடித்த மிதப்பில் இருந்தேன். என் பயிற்சி முழுவதும் ஒரே குரலில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்றது.

"வேணாம்மா. ரெண்டையும் ஒண்ணா செஞ்சா, மருந்த நிறுத்துனதால நின்னுதா, பொடியால நின்னுதான்னு தெரியாமப் பூடும்."

போனில் கோழிகளின் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியணுமா டாக்டர், என் கோழி பொழைக்கணுமா?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் ஒரே ஊரில் நின்று வீட்டுக்குப் போன் போடும்போது செல்போன் கோபுரம் எவ்வளவு தாங்கும்? மறுபடி மறுபடி போட்டேன். கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு கேள்வியை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். இந்தப் பொடி நல்லது செய்யுமா என்பதல்ல, அதற்கு எனக்கு விடை தெரியாது. கெடுதல் செய்யுமா? பின் கொட்டகைக் கோழிகள் நாள்கணக்கில் தின்று நன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் வேண்டாம் என்று நான் சொன்னது யாருக்காக? கோழிகளுக்காக இல்லை. பாசிக்காரர் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக.

இணைப்பு கிடைத்தது. "போடும்மா" என்றேன்.

"போட்டுட்டேங்க" என்றார் மல்லிகா.

மறுநாள் வண்டிகளை விட்டதும் முதல் ஆளாகப் போனேன். சாவு உடனே நிற்கவில்லை. ஆனால் குறைந்திருந்தது. சில கோழிகள் தீனித் தொட்டிக்கு வந்து நின்றன. முன் கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் நின்றதும் சட்டை முதுகோடு ஒட்டியது. தகரக் கூரை, சுற்றிலும் ஒரு மரமில்லை. தண்ணீர் டாங்கும் வெயிலில். பின் கொட்டகைக்குப் போனேன். கீற்றுக் கூரை, அதன் மேல் பெரிய புளியமரம். உள்ளே போனதும் வியர்வை அடங்கியது. அங்குள்ள கோழிகளுக்கு அவ்வளவு தாகம் எடுத்திருக்காது. தாகம் கம்மியென்றால் மருந்தும் கம்மி. அவை பிழைத்தது நிழலால்தான். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை. சந்திரசேகரும் வந்திருந்தார். அவரை மரத்தடிக்கு அழைத்துப் போய் விளக்கினேன்.

"இருக்கலாம் சார்" என்றார். "நிழலா இருக்கலாம். பாசியாவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்."

இப்படிச் சுலபமாக ஒத்துக்கொள்ளும் எதிரியோடு சண்டை போடுவது கடினம். நான் மல்லிகாவிடம் திரும்பினேன். "சாம்பிளை ஏம்மா பின்னாடி மட்டும் போட்டே? முன்னாடி போட்டிருந்தா இந்தக் குழப்பமே இருக்காதே. வெயில் கொட்டாயில போட்டுப் பொழைச்சிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன்."

"முன்னாடி எப்படிங்க போடறது? நீங்க வந்தா வண்டிய நிறுத்தறதே அங்கதான். பாத்தா கத்துவீங்கன்னுதான் பின்னாடி போட்டேன்."

இதை நீங்கள் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பண்ணையில் ஒரு நல்ல சோதனை தானாகவே நடந்திருக்கும். அதைக் கெடுத்தது என் சந்தேகம்தான். வெயிலில் போட வேண்டிய பொடியை நிழலுக்குத் துரத்தியது வேறு யாரும் இல்லை. நீங்கள் எரிந்து விழுபவர் என்று தெரிந்துவிட்டால் பண்ணைக்காரர்கள் எதையும் நிறுத்த மாட்டார்கள். நீங்கள் வண்டி நிறுத்தாத பக்கமாகச் செய்வார்கள். பிறகு நீங்கள் பார்ப்பது பாதிப் பண்ணை. அதை வைத்துக்கொண்டு நீங்கள் எழுதும் மருந்துக்கு அளவு மட்டும் துல்லியமாக இருக்கும்.

பொடி வேலை செய்யுமா செய்யாதா என்று கேட்பீர்கள். சந்திரசேகர் காட்டிய கட்டுரைகளைப் படித்தேன். அடிக்கோடிட்டுச் சந்தேகத்தோடு படித்தேன். ஆய்வகத்தில் கோழிகளுக்கு வேண்டுமென்றே சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து கொடுத்து, பாதிக்குப் பாசி கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல் பார்த்திருக்கிறார்கள். பாசி தின்றவற்றுக்குச் சேதம் கம்மி என்கிறார்கள். பொய்யென்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ரொம்ப முயன்றேன். ஆனால் எந்தப் பொடியும் கவசமாகிவிடாது. அதை நம்பி யாராவது மருந்தைத் தாராளமாக ஊற்றினால் எந்தப் பாசியாலும் காப்பாற்ற முடியாது. எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எதை நிறுத்த வேண்டும் என்று யோசியுங்கள். வெயில் காலத்தில் லிட்டர் கணக்கில் எழுதாதீர்கள். கோழியின் எடையைப் பார்த்து, அந்த நாளுக்கான மொத்த மருந்தை முதலில் கணக்கிட்டு, அதைக் கொஞ்சம் தண்ணீரில் காலையிலேயே கொடுத்து முடித்துவிட்டு, பிறகு நாள் முழுக்க வெறும் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

கோழிகள் தேறி, முட்டைக்கு வரத் தொடங்கின. கொஞ்சம் தாமதம், எண்ணிக்கை கம்மி, ஆனால் வந்துவிட்டன. முருகேசன் ஒரு நாள் கொட்டகையின் வாசலில் நின்று முட்டைத் தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார். கல் நடவில்லை.

எனக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. சந்திரசேகரையும் அழைத்துக்கொண்டு மல்லிகாவிடம் ஒரு யோசனையோடு போனேன். அதற்குள் நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போகும் அளவுக்கு வந்திருந்தோம்.

"முன்னாடி கொட்டாயக் குறுக்க தடுத்து ரெண்டாக்கலாம்மா. ஒரு பக்கம் பொடி, ஒரு பக்கம் வெறும் தீனி. ரெண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே தண்ணி. நிழல் பிரச்சினையே கெடையாது."

"சரிங்க. அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு பக்கமும் அந்த மருந்து."

"எந்த மருந்து?"

"அதே சல்ஃபாதான்."

"இப்ப எதுக்குங்க? சளியே இல்லியே."

"சளிக்கில்லம்மா. கிட்னி கொஞ்சம் கெடணும். கெட்டாதானே பொடி காப்பாத்துதான்னு பாக்க முடியும்?"

மல்லிகா என்னைப் பார்த்தார். பிறகு சந்திரசேகரைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

அதனால் என் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. நீங்கள் யாராவது ஆராய்ச்சிப் பக்கம் போனால் செய்து பாருங்கள். மல்லிகாவின் கொட்டகையைக் கேட்காதீர்கள்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இரண்டு கொட்டகைத் தீனியிலும் பச்சைப் பொடி கலந்திருந்தது. ஒளிக்கவில்லை, மூட்டையே முன் கொட்டகை வாசலில், நான் வண்டி நிறுத்தும் இடத்தில் கிடந்தது. இப்போது காசு கொடுத்து வாங்குகிறாராம். எனக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஓர் எளிய பண்ணையில் நோய்த்தடுப்புச் சிந்தனை வேரூன்றிவிட்டது, அதற்கு நானும் ஒரு வகையில் காரணம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

"கடைசியில கோழியோட கிட்னிய நீ மறக்கலம்மா" என்றேன்.

மல்லிகா முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அது இல்லீங்க டாக்டர். இதப் போட்டா மஞ்சக்கரு நல்லா செவந்து வருது. செங்கம் ரோட்டு ஓட்டல்காரங்க அதத்தான் கேக்கறாங்க. கிட்னியப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லீங்க."